பதினாறு கிலோ பிரியாணி

தங்கைக்குக் காது குத்தியபோது எனக்கு எட்டு வயது. முதலியார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் பந்தல், எண்பது பேருக்கு மட்டன் பிரியாணி என்று முடிவாயிற்று. அப்பா பெயர் பெயராக எழுதி, கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வகுத்து, பத்துக் கிலோ என்று எழுதி அடிக்கோடு போட்டார். அரசு அலுவலகத்தில் குமாஸ்தா அவர். அப்பா போட்ட கோட்டை ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது.

பட்டியலில் லாஸ்பேட்டை மாமா இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு விமானம் இறங்குவதைக் காட்டியவர். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அப்பா ஓடி ஓடி எல்லோரையும் கவனித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் வரை எல்லாம் தீர்ந்திருந்தது. "ஊட்டு மாப்பிளைக்கு ரசமும் அப்பளமும்!" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் மாமாவோடு பேசாமல் இருந்தார்.

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதாவது? அம்மா கேட்டே விட்டாள். "எங்க அண்ணன் மடியில உக்கார வெச்சிக்கலாம்" என்றார் அப்பா. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

முந்தின நாள் மதியம் சமையல் மாஸ்டர் அண்டாக்களோடு வந்து பின்கட்டில் இறங்கினார். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "மாஸ்டருகிட்ட போயி இன்னும் மூணு கிலோ சேத்துப் போடச் சொல்லு. அப்பாகிட்ட மூச்சு வுடாத."

மாஸ்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, தலை நிமிராமலே என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, மாஸ்டர்கிட்ட மூணு கிலோ கூடப் போடச் சொல்லிட்டு வா. அம்மாக்குத் தெரிய வேணாம்."

திரும்பவும் ஓடினேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடியும் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டு ரகசியங்களைச் சுமந்த பெருமையில் எனக்கு அன்று சோறே இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆசாரி ஊசியை எடுத்து வைக்கும் நேரத்தில் தெருமுனையில் மேளம் கேட்டது. சீர்த்தட்டுகளோடு மாமா! பின்னால் இருபத்து நான்கு பேர். அப்பா எதிர்பாராதவர்போல் புருவத்தை உயர்த்தினார். அம்மாவும் உயர்த்தினாள். தங்கை மாமா மடியில் உட்கார்ந்து தெருவே கேட்கும்படி அழுதாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதல் பந்தியில் மாமாவை உட்கார வைத்து அப்பாவே பரிமாறினார். "வெச்சிக்க மச்சான், எங்க ஊட்டுல தீராது" என்று குத்திக்காட்டவும் மறக்கவில்லை.

தீரவும் இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகும் ஒரு அண்டா திறக்காமலே இருந்தது.

"என்னா மாஸ்டர், கணக்கு ஒதைக்குதே?" என்றார் அப்பா.

"பாப்பாதான் சார் ரெண்டு வாட்டி வந்து மூணு மூணு கிலோ சொல்லிச்சி."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று பயந்து, "நான் யாருகிட்டயும் சொல்லல" என்று அழுதேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்பா திறக்காத அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார்.

மாமா இன்றைக்கும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "மொதல்ல ஒங்கம்மா போன் பண்ணி, அவருக்குத் தெரியாம கூப்பிடுறன், தானா வந்த மாதிரி வந்துடுன்னுச்சி. மறுநாளு ஒங்கப்பா வண்டியில வந்து, அவளுக்குத் தெரியாம வந்துருக்கேன், தானா வந்த மாதிரி வந்துடுன்னாரு."

இதெல்லாம் தெரியாத நான், அன்று அண்டை வீடுகளுக்கெல்லாம் பிரியாணித் தூக்கைச் சுமந்துகொண்டு, இவ்வளவு பெரிய குமாஸ்தாவுக்கு ஒரு கூட்டல் கணக்கு வரவில்லையே என்று அப்பாவுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தேன்.