மாஸ்டரின் மூக்கும் பால்கனிப் புதினாவும்

அடிப்பிடித்த பாலில் டீ போட்டு கேண்டீன் முழுக்கக் கொடுத்த அன்றுதான் சமையல் மாஸ்டருக்கு மூக்கு போன விஷயம் வெளியே தெரிந்தது. அவர் மனைவிக்கு அதற்கு முன்பே சந்தேகம் தட்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலில் ஏதாவது ஒரு நொட்டை சொல்லாமல் அவர் கை கழுவியதில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகோ, தட்டில் விழுந்ததை வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். மனுஷன் திருந்திவிட்டார் என்று முதலில் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"சரியாகுற வரைக்கும் வீட்ல இருங்க மாஸ்டர். உங்க இடத்துக்கு யாரும் வரமாட்டாங்க" என்று மேனேஜர் தன்மையாகத்தான் அனுப்பி வைத்தார். மாஸ்டர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான்.

"நரம்பு அசந்து போயிருக்கு. தினம் காலையில வாசனையா நாலு பொருளை மோந்து பாருங்க. வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார் டாக்டர்.

அவள் ஒரு கடைக்கு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருமானத்தில் தினம் ஒரு கட்டு புதினா, ஒரு கட்டு கொத்தமல்லி என்று வாங்கினால் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். அதனால் வளர்ப்பது என்று முடிவு செய்தாள்.

நாலாவது மாடியில் அவர்கள் வீட்டுப் பால்கனி, துணி காயப்போடும் கொடிக்கே போதாத அகலம். கேண்டீனிலிருந்து காலி எண்ணெய் டின்கள் கேட்டு வாங்கி வந்தாள். அடியில் ஆணியடித்து ஓட்டை போட்டாள். குழாய் பதிக்கத் தெருவில் தோண்டிப் போட்டிருந்த மண்ணைப் பையில் அள்ளி, மூச்சு வாங்க மாடியேறினாள். டீ வடிகட்டிய சக்கையைக் காயவைத்து அதோடு கலந்தாள். கடைசியாக வாங்கிய புதினாக் கட்டில் தடித்த தண்டுகளாகப் பார்த்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் டம்ளரில் நிறுத்தினாள். வெள்ளை வெள்ளையாக வேர் விட்டதும் டின்னில் நட்டாள். அஞ்சறைப் பெட்டி மல்லி விதையைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஊறவைத்துத் தூவினாள். ஆஸ்பத்திரி வாசலில் காடாய் மண்டிக் கிடந்த கற்பூரவல்லியில், காவல்காரரிடம் கேட்டு ஒரு கொம்பு ஒடித்து வந்தாள்.

"குப்பையெல்லாம் கொண்டுவந்து வீட்ல சேக்குறியே" என்றார் மாஸ்டர்.

"குப்பை நாறுதா?"

"ம்ஹூம்."

"அப்போ உங்களுக்கென்ன?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

காலையில் கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்பார். அவள் இலையைக் கசக்கி மூக்கருகில் பிடிப்பாள்.

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு."

தினமும் இதே பதில். அவள் முகம் வாடுவது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள், "வருது, லேசா வருது" என்றார். அவள் உள்ளே ஓடிப்போய் கீரைக் கட்டிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிவந்து நீட்டினாள்.

"ஆகா! புதினா!" என்றார் மாஸ்டர்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது அழுகை முட்டியது என்று தெரியவில்லை. அவர் திருதிருவென்று விழித்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க. வராட்டி வரலன்னு சொல்லுங்க."

"சரி. நீயும் தினம் என் மூஞ்சியையே பாக்காத."

அதன் பிறகு செடிகளை அவரே எடுத்துக்கொண்டார். அரிசி கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றினார். புதினாவை நுனி கிள்ளக் கிள்ளத்தான் பக்கத்தில் தழைக்கும் என்று கண்டுபிடித்ததும், ஏதோ தானே படைத்தவர் மாதிரி அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் திரைக்கு மடிப்பு வைத்தபடி பேச, அவர் பால்கனியிலிருந்து பதில் சொல்ல, பகல் போனதே தெரியாது. விடிவதற்குள் கேண்டீனுக்கு ஓடிக்கொண்டிருந்த மனுஷனோடு அவள் அவ்வளவு பேசியதே இல்லை.

ஒரு மழை நாள். கீழே காயப்போட்டிருந்த துணியை எடுத்துவரப் பக்கத்து வீட்டம்மா கூப்பிட, அவளும் இறங்கிப் போனாள். மேலே வரும்போது மாஸ்டர் படிக்கட்டின் நடுவிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கருகிப்போச்சு! திரை கருகிப்போச்சு!"

தேய்ப்புப் பெட்டியை அவள் திரைத் துணி மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். துணியில் பெட்டியின் அச்சு பழுப்பாகப் பதிந்திருந்தது. கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தலையில் கைவைத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"எப்படிங்க தெரிஞ்சுது? புகை வந்துச்சா?"

"புகையில்ல. பால்கனியில இருந்தேன். வாசனை... வாசனை வந்துச்சு."

இருவரும் அந்தப் பாழான துணியை மாறி மாறி மோந்து பார்த்தார்கள்.

அதற்குப் பின் கற்பூரவல்லி வாசனை வந்தது. வெகுநாள் கழித்துப் புதினா வந்தது. கொத்தமல்லி மட்டும் கடைசி வரை அவருக்குச் சோப்பு மாதிரிதான் வாசம் அடித்தது. வேலைக்குத் திரும்பிய பிறகு, அதைப் போடும் நாளில் கேண்டீனில் ஒருவரை மோந்து பார்க்கச் சொல்லி நிறுத்திக்கொண்டே, ஓய்வு பெறும் வரை அவர் அடுப்படியை ஆண்டார்.

இப்போது, கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். மாஸ்டர் மனைவியின் சமையலில் மறுபடியும் நொட்டை சொல்கிறார்.

"அந்தப் பால்கனி வீட்ல இருந்தப்போ எவ்வளவு நல்லாயிருந்துச்சு" என்று அவள் சில சமயம் சொல்வாள்.

"எனக்கு மூக்கு போன காலம் உனக்கு நல்ல காலமா?"

"ஆமா" என்பாள் அவள், கொஞ்சமும் தயங்காமல்.

அவர் கோபித்துக்கொள்வதில்லை. "எனக்குந்தான்" என்பார்.