நசீர் காஸில் ஓட்டிய படகு

கடலின் நடுவே குசினி மணம். எரியாத சமையல் காஸின் அந்த அழுகல் நாற்றம் உப்புக்காற்றோடு சேர்ந்து வரும்… இன்றைக்கும் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு கணம் எனக்குக் காலடியில் தரை ஆடுகிறது.

காஸ் திரும்ப வந்தும் பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மூதூரிலிருந்து திருகோணமலை டவுனுக்கு பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. எனக்கு டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை. நான் போகாவிட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

பக்கத்து வீட்டு நசீரின் மனைவி ரிஸானாவுக்கு அப்படியில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு தடவை டவுன் ஆஸ்பத்திரியில் மெஷினில் இணைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலே முகம் ஊதி, மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

நசீரிடம் ஒரு சின்ன ஃபைபர் படகு இருந்தது. பெட்ரோல் எஞ்சின். ஒருநாள் பின்னேரம் போய்ப் பார்த்தால், எஞ்சினை முற்றத்தில் ஒரு பலகையில் பூட்டி, அதன் கீழ்ப்பாதியைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி வைத்திருக்கிறான். பக்கத்தில் காஸில் ஓடிய பழைய ஓட்டோ ஒன்றிலிருந்து கழற்றிய ரெகுலேட்டர், ரப்பர் குழாய், வீட்டுச் சமையல் சிலிண்டர்.

"என்னடா செய்யிறாய்?"

"பெட்ரோலும் எரியும், காஸும் எரியும். எஞ்சினுக்கு என்ன தெரியப்போகுது மச்சான்?"

ரிஸானா குசினி வாசலில் நின்றாள். "நான் விறகில சமைக்கிறன் அண்ணன். சிலிண்டரை அவர் கொண்டு போகட்டும்."

காஸைக் கூட்டினால் எஞ்சின் இருமியது. குறைத்தால் நின்றது. நானும் அவனும் மாறி மாறி ஏதேதோ ஆணியைத் திருகினோம். திடீரென்று சீராக ஓடத் தொடங்கியது.

"எதைத் திருப்பினதால ஓடுது?" என்று கேட்டேன்.

"தெரியாது. இனி ஒண்டையும் தொடாத."

முதல் பயணத்துக்கு நானும் ஏறினேன். ரிஸானா நடுப்பலகையில், மடியில் ஒரு போர்வையோடு. மெஷினில் இருக்கும்போது அவளுக்கு உடம்பு குளிருமாம். நசீர் எஞ்சினை இயக்காமல், வெறும் வாளியால் படகின் அடியில் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினான். படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னத்தை இறைக்கிறாய்?"

"காஸை. கசிஞ்சா அது மேல போகாதாம், அடியில படுத்திருக்குமாம். ஒரு பொறி பட்டாப் போதுமாம்."

"உனக்கு அது தெரியுதா?"

"இல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

நானும் ஒரு தகரப் பேணியை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இறைத்தேன். வேறென்ன செய்ய…

கொட்டியாரக் குடாவின் பாதி வரை அருமையாகப் போனோம். பிறகு எஞ்சினின் சத்தம் மெலிந்தது. நின்றுவிட்டது.

நசீர் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தான். பாரமாகத்தான் இருந்தது. குழாயும் சரி. கொஞ்சம் பொறுத்து எஞ்சின் கயிற்றை இழுத்தால், ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. திரும்பவும் நின்றது. திரும்பவும் ஓடியது. அதற்குள் கரையிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பி எங்களை வெளிக்கடல் பக்கம் தள்ளத் தொடங்கிவிட்டது. நான் துடுப்பைப் போட்டு வலித்தேன். மூதூர்க் கரை கிட்ட வரவில்லை, எட்டத்தான் போனது.

அப்போதுதான் கண்டேன். அந்த எரிக்கிற வெயிலில் சிலிண்டரின் கீழ்ப்பாதி வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டேன். ஐஸ்.

"வெயிலுக்க எப்பிடிடா ஐஸ் பிடிக்கும்?"

நசீரும் வந்து தொட்டுப் பார்த்தான். ரிஸானாவின் போர்வையை வாங்கிச் சிலிண்டரைச் சுற்றினான். அதன்பிறகு எஞ்சின் இருமக்கூட இல்லை. எத்தனை தடவை கயிற்றை இழுத்தும் பிரயோசனமில்லை.

ரிஸானா நகர்ந்து வந்து போர்வையை விலக்கி, சிலிண்டரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதுக்கும் என்னைப்போலத்தான் குளிருது. போர்வை போத்தினா எனக்கும் குளிர் போறேல்ல. சுடுதண்ணிப் போத்தல் வச்சாத்தான் சரிவரும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கடல்தண்ணி இளஞ்சூடாத்தானே கிடக்கு. ஊத்திப் பாருங்க."

நசீர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு இருவரும் வாளியாலும் பேணியாலும் மொண்டு ஊற்றினோம். வெள்ளை கரைந்தது. எஞ்சின் பிடித்தது. நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே டவுன் இறங்குதுறை வரை போனோம். ஆஸ்பத்திரியில் அவளுடைய முறையை இன்னொருவருக்குக் கொடுக்கவிருந்த நேரம்… போய்ச் சேர்ந்துவிட்டோம்.

காஸ் உள்ளே திரவமாக இருக்கிறதாம், ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிவிடுமாம். பிறகு ஒருவர் விளக்கினார். தலையாட்டினேன். பாதிதான் விளங்கியது. பெட்ரோல் வரும்வரை கடல் அமைதியான நாட்களில் எல்லாம் அப்படியே போனோம். தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. காற்சட்டை ஏன் அடிக்கடி நனைந்திருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டால், சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று சும்மா இருந்துவிடுவேன்.

இப்போது என் மோட்டார் சைக்கிளில் நான் தனியே பாலம் கடந்து வேலைக்குப் போகிறேன். ரிஸானாவை நசீர் பஸ்ஸில் கூட்டிப்போகிறான். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான். ஆனாலும் ஆளை ஆள் கண்டு கதைப்பது குறைவு.

போன கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் ரிஸானா நின்றாள். இளைத்திருந்தாள். சுகம் விசாரித்தேன்.

"இருக்கிறன் அண்ணன். இப்ப எல்லாம் லேசுதான், ஏறி இருந்தா பஸ் ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விடுது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஆனா பஸ்ஸில இருக்கேக்க அந்தப் படகுதான் நினைப்பு வருது. அவ்வளவு பயந்து போய் வந்தம். அதை ஏன் அண்ணன் மனசு தேடுது?"

அடுப்பைப் பற்றவைக்கும்போது எனக்கும் அந்தப் படகு ஆடுகிறது என்றேன்.