எண்ணெய்ச் சட்டி வைத்த வீடு

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் என் நாத்தனார் ஒரு பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா அவள், எதிர்வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தட்டு வருவது அதிசயமில்லை. எங்கள் தெருவில் தீபாவளிக்கு யார் வீட்டு முறுக்கை யார் தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதெல்லாம் தீபாவளியன்று தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகு, மஞ்சள் குங்குமத்தோடு வரும். முதல் நாளே, குங்குமம் இல்லாமல், வாசல்படி ஏறாமல் நின்று நீட்டினால் அதற்கு அர்த்தம் வேறு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கு வேண்டியவர்கள்தான் இப்படிப் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

என் மாமியார் அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது.

என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போய் இரண்டாவது வருஷம் அப்போது. தறியில் உட்கார்ந்தால் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். பட்டுச்சேலை வியாபாரி ஒருவர் கப்பலில் சரக்கு ஏற்றியபோது, எனக்குத் துணையாக வா என்று ஒரு வார்த்தை சொன்னார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. ஊர் திரும்புகிறவர்களிடம் சொல்லியனுப்புவார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. பிறகு ஆவணி மாதம் எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்காரர் ஒருவர் ரங்கூனிலிருந்து வந்தார். அங்கே காஞ்சிபுரத்து நெசவுக்காரர் ஒருத்தர் வாந்திபேதியில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். பேர் என்ன என்றால் தெரியாது. முகத்தைப் பார்த்தீரா என்றால் இல்லை. காஞ்சிபுரத்தில் நெசவுக்காரருக்கா பஞ்சம்? ஆனாலும் எங்கள் தெரு அந்தப் பிணத்துக்கு என் வீட்டுக்காரர் முகத்தை வைத்துவிட்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. நானும் மாமியாரும் நாத்தனார் வீட்டுத் தறிகளுக்கு ஊடைப் பட்டைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துத்தான் சாப்பிட்டோம். ராட்டையில் உட்கார்ந்தால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும். எழுந்து ஓடுவேன். வண்டி தெருக்கோடியில் திரும்பிப் போய்விட்டிருக்கும். வந்து உட்காருவேன், பட்டிழை அறும், மறுபடி எழுந்திருப்பேன். குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் இப்படி அலைகிறாய் என்று நாத்தனார் கேட்பாள். மாமியார் மட்டும் ஒன்றும் கேட்க மாட்டாள். நான் அறுத்துவிட்டுப் போன இழையை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று தட்டைக் கொடுத்துவிட்டு நாத்தனார் வாசலிலேயே நின்று பேசினாள். தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள், எத்தனை நாள் இப்படியே விடுவது, கார்த்திகை போனதும் ஐயரைக் கூப்பிட்டுத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமத்தை முடித்துவிடலாம், தம்பி ஆத்மாவாவது அலையாமல் இருக்கும் என்றாள். என் கழுத்தைப் பற்றி அவள் பேசவில்லை. பேச வேண்டியதில்லை. அந்தத் தர்ப்பை எரிந்த கையோடு என் தாலியை வாங்குவார்கள். மாமனார் போனதிலிருந்து மாமியார் கட்டிக்கொண்டிருந்தாளே, அந்த மாதிரி ஒரு காவிச் சேலை எனக்கும் வரும். எனக்கு அப்போது இருபது வயது ஆகியிருந்ததோ என்னவோ.

அவள் போனதும் மாமியாரைப் பார்த்து ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"என்னால முடியலம்மா. இப்டியே காத்துக்கினு கிடக்கறதுக்கு, ஒரேயடியா அழுது தீத்துட்டா தேவலாம்னு இருக்குது."

அவரைப் பெற்றவளே கையை விரித்துவிட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் பாதி பரிதாபம். பரிதாபத்துக்கு இடம் கொடுத்தால் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிடுவேன் என்று பயந்தேன். தட்டை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். எதிர்வீட்டு வாசற்படியில் வைத்தேன். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு எங்க வீட்ல சட்டி வெக்கிறோம் அண்ணி. நோம்பு இருக்குது எனக்கு" என்றேன்.

சொல்லிவிட்டேன், ஆனால் வீட்டில் ஒரு பிடி அரிசிகூட ஊறப்போடவில்லை. தீபாவளி அமாவாசையில் புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்டாட்டி எடுக்கிற கேதார கௌரி நோன்பு அது. அதற்கு அதிரசம்தான் வேண்டும். முறுக்கும் லட்டும் செல்லாது. தாலி இல்லாதவள் அந்த நோன்பு எடுக்க முடியாது. அதனால் எங்கள் அடுப்பில் அதிரசம் வெந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதிரச மாவு அவசரக்காரிக்கு அடங்குகிற சாமான் இல்லை. பாகில் கிளறி, பானையில் போட்டு, வாயில் துணி கட்டி, இரண்டு மூன்று நாள் அது தன் பாட்டுக்கு ஊற வேண்டும். எனக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது.

பச்சரிசியை ஊறப்போட்டு வடித்து நிழலில் துணியில் உலர்த்தினேன். அது உலர்கிற வரைக்கும் நிற்க முடியவில்லை. தெருவுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். ஈரம் முழுக்கப் போவதற்குள் உரலில் போட்டு இடித்தேன். இடிப்பதுதான் எனக்கு நன்றாக இருந்தது. ஒவ்வொரு உலக்கைக்கும் யாரையாவது நினைத்துக்கொண்டேன். பிள்ளையார்பாளையத்துக்காரருக்கு நிறைய விழுந்தது. வெல்லத்தைக் கரைத்து அடுப்பில் ஏற்றினேன். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருள வேண்டும், அதுதான் பதம். உருளுகிற மாதிரியும் இருந்தது, உருளாத மாதிரியும் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆண்குரல் கேட்டது. ஓடினேன். யாரோ யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்து, இனி என்னால் நிற்க முடியாது என்று பாகை இறக்கி மாவைக் கொட்டிக் கிளறி மூடிவிட்டேன்.

தீபாவளியன்று ஊரெல்லாம் வெடி. நான் குளித்துவிட்டு அடுப்பை மூட்டி எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். மாமியார் சமையற்கட்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நோன்புப் பலகாரத்தை அவள் தொடக்கூடாது. வாழையிலையில் நெய் தடவி, உருண்டையைத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஓட்டை போட்டால் நடுப்பாகம் வேகாமல் நிற்காது. எண்ணெயில் விட்டேன். அது ஒரு கணம் மிதந்தது. பிறகு ஓரத்திலிருந்து கரைந்து, துண்டு துண்டாகப் பிரிந்து, சட்டி முழுக்க நுரை. இரண்டாவதும் அப்படியே பிரிந்தது.

நோன்பு அதிரசம் எண்ணெயில் பிரிந்தால் புருஷன் உயிருக்கு ஆகாது என்று சொல்வார்கள். பின்னாலிருந்து மாமியார் மெதுவாகச் சொன்னாள்.

"விட்டுடுமா. எண்ணெயே சொல்லுது."

"எண்ணெய் இன்னா சொல்லும் அத்தை? பாகு இளசு. அவ்ளோதான்."

வாய்தான் அப்படிச் சொன்னது. சட்டியை இறக்கி எண்ணெயை வடிகட்டினேன். சலித்து மிஞ்சியிருந்த அரிசிமாவை எல்லாம் மாவில் போட்டு, உள்ளங்கை சிவக்கப் பிசைந்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி விட்டேன். இந்தத் தடவை பிரியவில்லை. அழகாக வந்தன என்று சொல்ல மாட்டேன். கறுத்தது, கோணியது, ஓட்டை மூடிப்போனது எல்லாம் இருந்தன. ஆனால் முழுசாக இருந்தன. வாசனை தெருவுக்குப் போயிருக்கும். போகட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி சிவன் கோயிலுக்குப் போனேன். மாமியாரை நான் கூப்பிடவில்லை. நோன்புக்காரிகள் நடுவே தாலியறுத்தவள் வரக்கூடாது, அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. மண்டபத்தில் பெண்கள் வரிசையாகக் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் கூடையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். யாரும் போ என்று சொல்லவில்லை. நாத்தனார் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன்.

குருக்கள் ஒவ்வொரு கூடைக்கும் முன்னால் வந்து புருஷன் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சங்கல்பம் செய்துகொண்டே வந்தார். எந்தப் பெண்டாட்டியும் புருஷன் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. பக்கத்தில் இருப்பவள்தான் சொல்வாள். என் வீட்டுக்காரருக்குக் கோயிலில் இருக்கிற சாமி பெயர்தான். அதனால் சாமியைக்கூட நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்கு முந்தின நோன்புகளில் நாத்தனார்தான் தம்பி பெயரைச் சொன்னாள்.

குருக்கள் என் கூடைக்கு முன்னால் நின்று, பேர் சொல்லுங்கோ என்றார்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். செத்தவன் பெயரை நோன்பில் சொன்னால் அவள் புருஷனுக்கு ஆகாது. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் இன்றைக்கும் இருக்கிறது. குருக்கள் இரண்டாம் தடவையும் கேட்டார். எனக்கு இன்னொரு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் குத்துவிளக்கைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். என் வாயால், சத்தமாக, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். மண்டபத்தில் யாரோ வாயில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. குருக்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நட்சத்திரம் என்றார். எனக்கு அது தெரியும். ஆனால் அதற்குமேல் தொண்டையிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை.

"பூரட்டாதி" என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மாமியார் காவிச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். வரக்கூடாத இடத்துக்கு வந்து, அத்தனை பேர் எதிரில் பிள்ளையின் நட்சத்திரத்தைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வருஷம் கார்த்திகை போன பிறகும் யாரும் தர்ப்பையைப் பற்றிப் பேசவில்லை.

அவர் அடுத்த ஆடியில் வந்தார். எலும்பும் தோலுமாக, இருமிக்கொண்டு. வந்ததும் அவர் அக்கா காதில் ஓதிவிட்டாள் போலிருக்கிறது. ராத்திரிச் சோற்றில் கை வைத்தபடி, கோயிலில் என் பேரைச் சொன்னாயாமே என்று முறைத்தார்.

"சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா இந்த ஊர்ல நீங்க எப்பவோ செத்துப்போயிருப்பீங்க" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகுதான் சொன்னார். வாந்திபேதியில் போனவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஐயம்பேட்டைக்காரர். ரங்கூனில் ஐயம்பேட்டைக்காரனும் காஞ்சிபுரத்தான்தான். இவரேதான் கொள்ளி வைத்தாராம். அந்த வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும், தனியாகப் போகக் கால் வரவில்லை, நீயும் வா என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். எங்களைக் கண்டதும் ஒரு பெண் ராட்டையை விட்டு எழுந்து வந்தாள். என் வயதுதான். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கையில் நிறம் போன நோன்புக் கயிறு. ரங்கூனிலிருந்து வந்தவர் என்று யாரோ அதற்குள் சொல்லியிருக்க வேண்டும். முகம் கொள்ளாத சிரிப்போடு எங்களுக்குப் பாயை விரித்துப் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்கறாரு. பாத்தீங்களா?" என்று கேட்டாள்.