முன்கொம்பும் துபாய் விசாவும்

புளி மூட்டையை இறக்கிய கையோடு பாய் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அடிவாரத்தில் எங்கள் மலைப் புளியை வாங்குகிறவர் அவர். அவருடைய மருமகன் துபாயில் ஒரு பேரீச்சந்தோப்பில் மேஸ்திரி. தோப்பு வேலைக்கு ஆள் வேண்டுமாம், இரண்டே வருஷமாம், முடிந்ததும் திரும்பிவிடலாமாம். எங்கள் ஊரில் எட்டாவது வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருந்ததும் அவர்தான்.

"வெள்ளிக்கெழம தொழுகைக்கு முன்னாடி வந்து சொல்லிடுப்பா. சம்சாரம் மாசமா கீதுன்னியே, அந்தக் கவலய வுடு. கணியம்பாடில எங்க சொந்தக்காரங்க வூட்டுக்குப் பின்னால ஒரு ரூம் காலியா கீது. மாமியாரோட கொண்டாந்து அங்க வுட்டுட்டுப் போ. வேலூர் பஸ் வாசல்லயே நிக்கும், ஆஸ்பத்திரிக்குப் பயமில்ல."

தலையை ஆட்டிவிட்டு மலையேறினேன். நான் கடலைப் பார்த்ததில்லை. ஏரோப்ளேனைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அடிவாரத்திலிருந்து போன ஒருத்தனுக்கு ஒன்றரை வருஷமாகக் கடிதாசி இல்லை. இன்னொருத்தன் பெட்டியில் வந்து சேர்ந்தான். போன உடனே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வான் என்று வேறு டீக்கடையில் சொன்னார்கள். பாஷை தெரியாத ஊரில், மணலில், நான் கத்தினால் யாருக்குக் கேட்கும்? எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. பயத்தில் மூத்திரம் முட்டியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். முதல் பிள்ளை டோலியிலேயே போய்விட்டது. எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ, நீள மூங்கிலில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, அந்த டோலியில் படுக்கவைத்து, நாலு பேர் தோள் கொடுத்து பஸ் நிற்கிற அடிவாரத்து அமிர்திக்கு இறக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குத் தொங்குகிற கம்பளி கண்ணை மறைத்துவிடும், பாதை தெரியாது. அதனால் முன்கொம்பு, அதாவது மூங்கிலின் முன்முனை, பிடித்தவன் "கல்லு", "வேரு", "எறக்கம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் குரலை நம்பித்தான் பின்னால் அடி வைப்பார்கள். பெண்டாட்டி டோலியில் போனால் முன்கொம்பு புருஷனுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம்.

துபாய் சேதியைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"போய்ட்டு வாய்யா. ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். இந்தப் புள்ளய நான் ஆஸ்பத்திரில பெத்துக்கிறேன். இன்னொரு தபா அந்தத் தூக்குல ஏற மாட்டேன், ஆமா."

"நான் போய்ட்டா முன்கொம்பு யாரு புடிப்பாங்கமே?"

அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததோ!

"கணியம்பாடில இருக்கறவளுக்கு இன்னாத்துக்குய்யா முன்கொம்பு?" என்றாள் அவள்.

ஆனால் ஊரில் இந்த முன்கொம்புப் பேச்சு நன்றாக எடுபட்டது. களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன். "ஆம்பளன்னா இவன்டா! மாசமா கீறவள வுட்டுட்டு ஓடுவானா?" என்று என் முதுகில் தட்டினார்கள். தட்டத் தட்ட எனக்கே அது நிஜம்போல ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் என் சட்டையைத் துவைத்து எடுத்து வைத்திருந்தாள். போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாதி இறக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் உச்சிக்கு வந்து சாயும்வரை எழுந்திருக்கவில்லை. தொழுகை முடிந்திருக்கும் என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், வெட்கங்கெட்ட நிம்மதி. வீட்டுக்குப் போய், "வேணாம்னு சொல்லிட்டேன், உன்ன வுட்டுட்டுப் போவ மனசு வரல" என்றேன். அவள் களியைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினாள். எனக்குப் பதிலாக அடிவாரத்து ஆள் ஒருவன் போனான். கணியம்பாடி ரூமில் அவன் பெண்டாட்டி குடியிருந்தாள்.

என் மனைவிக்கு வலி கண்ட அன்று விடியும்போதே தூறல். முன்கொம்பு என் தோளில். முதல் ஒரு மணி நேரம் குரல் சரியாகத்தான் வந்தது. முதல் பிள்ளை அசைவதை நிறுத்திய அந்த வழுக்குப் பாறை கண்ணில் பட்டதும் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. காலடியில் கல் தெரிகிறது, பெயர்ந்த வேர் தெரிகிறது, வாய் திறக்கவில்லை.

"இன்னாடா, சொல்லுடா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஒருத்தன் முட்டி மடங்கி விழப் பார்த்தான். டோலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

"கல்லு!"

கம்பளிக்குள்ளிருந்து அவள் குரல். ஒரு கையால் கம்பளியை விலக்கித் தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடது பக்கம் வேரு! எறக்கம், பாத்து! ஐயோ அம்மா... நில்லுங்க, நில்லுங்க... ம், இப்ப நடங்க. கல்லு!"

வலி வரும்போது நிறுத்தச் சொன்னாள், விட்டதும் நடக்கச் சொன்னாள். அமிர்தி வரைக்கும் நாலு ஆம்பிளைகளும் அவள் சொல்லுக்குத்தான் அடி வைத்தோம். அங்கிருந்து பஸ்ஸில் வேலூர். பெண் குழந்தை. உயிரோடு பிறந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பயந்துட்டியாய்யா?"

"ஆமாமே."

"துபாய்க்குப் போவாததும் அதுக்குத்தானா?"

தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இவ பெரியவளானா, உங்கம்மாவுக்காவத்தான் நான் போவலன்னு இவகிட்டயும் சொல்லிக்கினு திரியாத."