சிவப்பு அட்டை தீர்ந்த பிறகு

எழுபதுகளில் கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது கையில் தூக்கிப் போகும் சரக்கு. ஒரு வரிக்கு ஓர் அட்டை, அதில் துளைகள். ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள் சேர்ந்த கட்டுதான் புரோகிராம். குரோம்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் உதிரிபாகக் கையிருப்பைப் பார்த்துக்கொண்ட கட்டு அது. எனக்கு முன்னால் அதைக் கவனித்தவரை எல்லோரும் பாய் என்போம். அவர் என்னிடம் ஒப்படைத்தபோது பக்கவாட்டில் பார்த்தால் பால்போல வெள்ளை.

எங்கள் அறையில் ஒரு வழக்கம். அவசரத்துக்குப் போடும் ஒட்டு வேலையெல்லாம் சிவப்பு அட்டையில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அதை எடுத்துவிட்டு முறையாக எழுத வேண்டும். எழுதவா விட்டார்கள்? "இன்னிக்கு ஓடணும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் மேனேஜர். அந்த அப்புறம் வரவேயில்லை. இரண்டே வருடத்தில் என் கட்டு, வேர்க்குரு போட்ட முதுகாய்ச் சிவந்துபோயிற்று. ஓரிடத்தைத் தொட்டால் இன்னோரிடம் புட்டுக்கொள்ளும். சேலையூரிலிருந்து வந்து தாம்பரத்தில் ரயில் ஏறும்போதே இன்று எது புட்டுக்கொள்ளுமோ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். பாய் கையில் வெள்ளையாய் இருந்தது என் கையில் இப்படி ஆயிற்றே என்ற வெட்கம் வேறு. வீட்டில் யாராவது ரசத்தில் உப்பில்லை என்றால்கூட எரிந்து விழுவேன். இன்று பள்ளிக்கரணையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் பெண் அதே முகத்தோடு வந்தால், பழைய புரோகிராம் எதையாவது தொட்டாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒருநாள் சிவப்பு அட்டை தீர்ந்தது. வெள்ளையில் போட்டேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிறகு சிவப்பு வந்தும் வெள்ளையிலேயே போட்டேன். பழைய சிவப்புகளையும் ஒரு துளைகூட மாறாமல் ஒவ்வொன்றாக வெள்ளையில் துளைத்து மாற்றிவிட்டேன். "சபாஷ், சுத்தமாக்கிட்டியேம்மா!" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். திங்கட்கிழமை முதல் அந்தக் கட்டு புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் போகும் என்றும் சொன்னார். எந்த அட்டையை நம்பக் கூடாது என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை, அதே ஆபீஸில் வேறு வேலைக்கு மாறியிருந்த பாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். "உங்க கட்டை நாசம் பண்ணிட்டேன் பாய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னாம்மா நீ, நான் குடுத்தது மட்டும் சுத்தம்னா நெனச்சே? பாதி ஒட்டு வேலைதான். நானும் வெள்ளையிலயே போட்டுகினு வந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அழுகை நின்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாய் என்னை நானே மக்கு என்று திட்டிக்கொண்டிருந்தேனே!

"எழுந்திருங்க பாய்" என்றேன். இரண்டு வாரம் வேண்டும், முதல் அட்டையிலிருந்து திருப்பி எழுதப்போகிறோம் என்று கேட்க இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். கதவைத் தட்டப் போன பாய் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நானே தட்டினேன்.