ஆறு நாளுக்கு அரைப் பேர்

மாமாவின் சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் இருக்கும். சிவப்பு, நீலம், கறுப்பு. மூன்றில் ஒன்றாவது எழுதி நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட வேண்டி வந்தால் எதிரில் இருப்பவரிடம், "ஒரு பேனா குடுங்க" என்று கேட்டு வாங்கித்தான் போடுவார். தோட்டத் தொரைக்கு முன்னால் போய் நிற்கிறவனுக்கு நெஞ்சில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த மூன்று பேனாவும், வெள்ளைச் சட்டையும், வெள்ளைச் சாரமும், கக்கத்தில் ஒரு பைலுமாக எங்கள் பல்கலைக்கழக டீன் சேரின் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது ஐயாயிரம் மீட்டரின் கடைசிச் சுற்றைவிட வேகமாக அங்கிருந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். அதைவிட முக்கியம், அவர்தான் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். என் அப்பா வாய் திறக்காத மனிதர் என்பதால் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து மாமாவே பேசுவார். ரேஷன் மாவில் வண்டு இருந்தாலும், நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக் கூரை ஒழுகினாலும், கோயில் மணிக் கயிறு அறுந்தாலும் அவருக்கு அது ஒரு 'பிரச்சினை'. பிரச்சினை என்றால் பேச்சுவார்த்தை வேண்டும். பேச்சுவார்த்தை என்றால் வெள்ளைச் சட்டை வேண்டும்.

இந்தக் கதை விளங்க வேண்டுமானால் 'பேர்' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். பாதி வேலைக்கு அரைப் பேர். பேரையே வெட்டிவிட்டார்கள் என்றால் அந்த ஆளுக்கு அந்தத் தோட்டத்தில் இனி வேலை இல்லை. எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடிய எழுந்து, ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்பார்கள், மழை கொட்டும், மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெறுங்கையோடு திரும்ப வேண்டும். "பெரட்டுக்கு வந்த ஆளு வந்ததுதான், மழைய அவனா கூட்டிக்கிட்டு வந்தான்?" என்று கேட்டுக் கேட்டே, அப்படிப்பட்ட நாளுக்கு அரைப் பேர் வாங்கிக் கொடுத்தவர் மாமா. அவருடைய வாழ்நாள் வெற்றி அது. கல்யாண வீட்டிலும் அதைச் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

நான் அந்தத் தோட்டத்திலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் ஆள். எந்தக் கெம்பஸ் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. படிக்கப் போன இடத்தில் நான் ஓட ஆரம்பித்தேன். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஐந்து கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போன காலுக்குச் சமதரையில் ஓடுவது விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டாம் வருஷமே ஐயாயிரம் மீட்டருக்கு என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

காலை ஐந்துக்கு மைதானம், எட்டுக்குப் புள்ளிவிபரவியல். இரண்டும் ஒரே உடம்புக்கு என்று எந்தப் புண்ணியவான் நேரசூசி போட்டானோ! விரிவுரையில் உட்கார்ந்தால் கண் சொருகும். கால் மட்டும் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். மைதானத்தில் ஓடினால் படிக்காத பாடமெல்லாம் கூடவே ஓடி வரும். ஓடும்போது மனப்பாடம் செய்யலாமென்று ஒருமுறை சூத்திரங்களைக் கையில் எழுதிக்கொண்டு போனேன். இரண்டாவது சுற்றில் எல்லாம் வேர்வையில் கரைந்து முழங்கை நீலமாகிவிட்டது. மூன்றாவது சுற்றில் அதே கையால் முகத்தைத் துடைத்துவிட்டேன். அன்று விரிவுரைக்குள் நுழைந்தபோது வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது, டீன் சேரைத் தவிர. புள்ளிவிபரவியல் அவருடைய பாடம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

செமஸ்டர் முடியப் போகும் நேரத்தில் அறிவித்தல் பலகையில், வரவு குறைந்தவர்கள் பட்டியலில், என் இலக்கம் தொங்கியது. மொத்தம் முப்பது விரிவுரை. பரீட்சை எழுத எண்பது வீத வரவு வேண்டும், அதாவது இருபத்துநாலு. இருபத்தேழு முடிந்திருந்தது, நான் போனது பதினெட்டு. மிச்சம் மூன்றுக்கும் போனாலும் இருபத்தொன்றுதான். பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. எங்கள் லயத்திலிருந்து ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு வருஷம் போனால் அடுத்த வருஷம் வராது, மாப்பிள்ளைதான் வருவான். ஊருக்குப் போன் எடுத்து அழுதேன். எங்கள் கடைத்தெருவில் கொமினிகேஷன், அதாவது போன் கடை, வைத்திருந்த முஸ்லிம் நானா அம்மாவுக்குச் செய்தி சொல்லி அனுப்புவார். வரவு, வீதம் என்றெல்லாம் சொன்னால் அம்மாவுக்கு விளங்காதே என்று, "எனக்குப் பேர் பத்தாதாம், பரீட்சை எழுத விடமாட்டாங்களாம்னு சொல்லிருங்க நானா" என்றேன். நானாவிடமிருந்து பஸ் கொண்டக்டர், கொண்டக்டரிடமிருந்து மருந்து வாங்க வந்த ஒரு அக்கா என்று கைமாறிய செய்தி லயத்துக்குப் போய்ச் சேரும்போது, 'கெம்பஸ்ல புள்ள பேர வெட்டிட்டாங்க' என்று ஆகியிருந்தது.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாளாம். மாமா பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தாராம். மறுநாள் முதல் பஸ். அவிசாவளையில் ஒன்று மாறி, இரத்தினபுரியில் ஒன்று மாறி, பதினொரு மணிக்கெல்லாம் டீன் வாசலில்.

"மாமா, நீங்க எதுக்கு வந்தீங்க? யாரும் என் பேர வெட்டல!"

"நீ பேசாத புள்ள. கூட நில்லு. கேட்டா மட்டும் பதில் சொல்லு."

உள்ளே போனோம். மாமாவின் சிங்களம் என் சிங்களத்தைவிட நன்றாக இருக்கும். வணக்கம் சொல்லி, உட்காரச் சொல்லும் முன்னே உட்கார்ந்து, பைலை மேசைமேல் வைத்தார். அந்தப் பைலில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும்: கோயில் திருவிழா நோட்டீஸ். "பேரை வெட்டுவதற்கு முன்னால் விசாரணை நடந்ததா, ஐயா?" என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். டீன் சேர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். யாருடைய பேரையும் யாரும் வெட்டவில்லை, வரவுதான் குறைவு என்று பொறுமையாக விளக்கினார். மாமாவின் முகத்தில் ஒரு நிமிஷம் நிம்மதி தெரிந்தது. ஆனால் மூன்று பஸ் ஏறி வந்த மனிதர் சும்மா எழும்பிப் போவாரா?

"சரிங்க ஐயா. இவள ஓடச் சொன்னது யாரு?"

"விளையாட்டுப் பிரிவு."

"அது யாருடையது? கெம்பஸோடது. இவ போடுற பனியன்ல யாரு பேரு இருக்கு? கெம்பஸ் பேரு. மலையில பால் வெட்டுற ஆள நீங்களே பங்களாத் தோட்டத்துக்குப் புல்லு வெட்ட அனுப்பிட்டு, மலையில ஆளக் காணோம்னு பேர் போடாம விடுவீங்களா?"

டீன் சேர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, முழு வரவு கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். மாமா முன்னால் சாய்ந்தார். குரல் தானாகவே இறங்கியது.

"நம பாகயக் தென்ன, சேர்." பேரில் பாதி கொடுங்கள் என்று அர்த்தம்.

டீன் சேர் சிரித்துவிட்டார். நான் பார்த்தேன், சத்தியமாகச் சிரித்தார். என் ஒன்பது நாளின் பட்டியலை எடுத்தார். போட்டிக்கும் முகாமுக்கும் போனது ஆறு நாள். ஆறுக்குப் பாதி மூன்று. பதினெட்டும் மூன்றும் இருபத்தொன்று, மிச்சம் மூன்று விரிவுரைக்கும் தவறாமல் வந்தால் இருபத்துநாலு. கணக்குச் சரியாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் டீன் சேர், "மற்ற மூன்று நாள்?" என்று கேட்டார். அதற்கும் பாதி போட்டால் இவள் பாடு சுலபமாகுமே என்று நினைத்தாரோ என்னவோ.

மாமா என் பக்கம் திரும்பினார். "அந்த மூணு நாளும் ஓடப் போனியா?"

பயிற்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்து எப்படிச் சொல்வது? "தூங்கிட்டேன் மாமா."

மாமா டீன் சேரிடம் திரும்பி, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "பெரட்டுக்கு வராத ஆளுக்கு எங்க சங்கம் பேர் கேக்காதுங்க ஐயா."

அடப்பாவி மனுசா! யாருக்காக வந்தீர் நீர்? டீன் சேர் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீன் சேர் ஒரு தாளில் எழுதித் தந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாமா அவரிடமே பேனா கேட்டு வாங்கினார்.

வெளியே வந்ததும் தலையில் இடி. மிச்சம் மூன்றில் கடைசி விரிவுரை இருந்த நாளில்தான், எங்கள் மைதானத்திலேயே, என் ஐயாயிரம் மீட்டர். விரிவுரை எட்டிலிருந்து பத்து வரை. ஓட்டம் பத்தேகால். மைதானம் மலைக்குக் கீழே. இதில் டீன் சேர் நேரத்துக்கு முடித்த சரித்திரமே கிடையாது. வரவுத்தாளையும் கடைசியில்தான் விடுவார். "ரெண்டுல ஒண்ணுதான் மாமா நடக்கும்" என்றேன். "பத்து மணின்னா பத்து மணிதான? நான் வந்து பாத்துக்கிறேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

சொன்னபடி வந்தார், முந்தின நாள் வேலை முடிந்ததுமே பஸ் ஏறி. அதே வெள்ளைச் சட்டை. விரிவுரை மண்டபத்து வாசலில், என் ஓடுகிற சப்பாத்தைக் கையில் பிடித்தபடி காவல் நின்றார். நான் பாவாடைக்குள்ளே ஓடும் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் முள்ளில் இருப்பதுபோல் இருந்தேன். பத்துக்கு ஐந்து இருக்கும்போது டீன் சேர் கரும்பலகையை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு கணக்கை ஆரம்பித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சரியாகப் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"சேர், பத்து மணி. வேலை நேரம் முடிஞ்சுது."

டீன் சேர் சோக்கைக் கீழே வைத்தார். "சரி, தலைவர் மஹத்தயா" என்று சிங்கள மரியாதையோடு சொல்லி வரவுத்தாளை நீட்டினார். நூறு பேரும் மேசையைத் தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓடினேன். பாவாடையை வாசலிலேயே கழற்றி மாமாவின் தோளில் போட்டேன். சப்பாத்தைப் பிடுங்கிப் பார்த்தால், ஒன்று தவறிவிடக் கூடாதென்று இரண்டின் கயிற்றையும் சேர்த்து, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டுகிற முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார். பல்லால் கடித்தேன். அவிழவில்லை. வெறுங்காலோடு போய்க் கோட்டில் நின்றேன்.

பன்னிரண்டரைச் சுற்று. மாமா மைதானத்துக் கயிற்றுக்கு வெளியே நின்று, "விட்டுக் குடுக்காத! விட்டுக் குடுக்காத!" என்று ஊர்வலத்தில் போகிறவர்போல் கோஷம் போட, தமிழ் தெரியாத பையன்களும் அதையே திருப்பிப் போட்டார்கள். நாலாவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் ஒரு கை நீளம். புல்லில் விழுந்து ஓவென்று அழுதேன். மாமா பக்கத்தில் குந்தி, இன்னமும் அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "முடிச்சு என் தப்பு புள்ள" என்றார். அவர் யாரிடமும் தப்பு என்று ஒப்புக்கொண்டு அதுவரை நான் கேட்டதில்லை. பரீட்சை எழுதினேன். புள்ளிவிபரவியலில் தட்டுத்தடுமாறித் தேறினேன்.

லீவுக்குப் போனபோது அத்தைதான் சொன்னாள். கெம்பஸுக்கு வந்த இரண்டு நாளும் மாமாவுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. சங்க வேலையாகப் போனேன் என்று சொன்னால் அரைப் பேர் போடலாம் தலைவரே என்று பேர் போடும் கிளாக்கர் ஐயாவே சொன்னாராம். இவர், "மருமக வேலையாப் போனேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். எனக்காக அத்தனை வாதாடிய மனிதர், தனக்கென்று வந்தபோது வாயைத் திறக்கவில்லையே!

"ஏன் மாமா கேக்கல?"

பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "எனக்காகப் போய்க் கேக்க எனக்கு எந்தத் தலைவர் இருக்கான்?"

மறுநாள் காலையில் நான் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கெம்பஸ் பனியனைப் போட்டுக்கொண்டுதான் போனேன். மாமாவுக்கு இரண்டு நாள் அரைப் பேர் வேண்டும் என்றேன். கேட்க நீ யாரு என்றார் கிளாக்கர் ஐயா. "அவருக்குத் தலைவர்" என்றேன். பேரை வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஆள் பேச்சுவார்த்தைக்குப் போனால் அது சங்க வேலையா, சொந்த வேலையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே முதல் நாளுக்கு அரைப் பேர் போட்டார். இரண்டாம் நாளுக்கு முடியாது, அது ஓட்டப்பந்தயம் பார்க்கப் போன நாள் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

யாரைக் கேட்டுப் போனாய் என்று மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் லயம் லயமாகப் போய், "எம் மருமக வாங்கிக் குடுத்தா" என்று சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. தலைவர் பதவியும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. நான் போகும்போதெல்லாம் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அந்த இரண்டாம் நாள் பேச்சை எடுப்பார்.

"சப்பாத்துத் தூக்குனது வேல இல்லையான்னு நீ கேட்டிருக்கணும் புள்ள," என்பார். "ஒனக்குச் சரியாப் பேசத் தெரியல."