சன்ன இலைச் செடி

என் ஆய்வு வழிகாட்டி மேடத்தின் கார் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. போனை வைப்பதற்குள் சாலையோரப் புதர் அறுக்கும் பெண்கள் அரிவாளோடு என் வளைவுக்கு வந்துவிட்டார்கள்.

என் வளைவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொல்லிமலை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று. அதன் ஓரத்தில் ஜல்லிக்கு நடுவே, சாமந்திக் குடும்பத்து மஞ்சள் பூச்செடி ஒன்று கூட்டமாக நின்றது. மேலே எடப்புளி நாட்டில் மரவள்ளிக் காட்டு ஓரமெல்லாம் இதே பூ உண்டு. ஆனால் அங்கே இலை உள்ளங்கை அகலம், விளிம்பெல்லாம் ரம்பப் பல். இங்கேயோ மூங்கில் இலைபோலச் சன்னம், விளிம்பு மழமழவென்று இருக்கும். பூவும் பிந்தித்தான் வரும்.

புதிய இனம் என்று மேடத்துக்கு எழுதிவிட்டேன். படங்களைப் பார்த்த அவர் துறைத் தலைவரிடமும் சொல்லிவிட்டு, நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார். என் எம்.எஸ்சி. ஆய்வேடு முழுவதும் இந்தச் செடியை நம்பித்தான் இருந்தது.

வகுப்பில் கேட்ட கோல்டன்ராடு கதை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்குத் தூரத்து உறவான அந்த அமெரிக்கக் காட்டுச்செடி, இடத்துக்குத் தக்கபடி இலையை மாற்றிக்கொள்ளுமாம். ஒரே செடிக்குப் பல பெயர் வைத்து ஏமாந்தவர்கள் உண்டாம். ஆனால் இங்கே மலைச்சரிவைத் தாங்கும் உயரமான தடுப்புச் சுவருக்கு மேலேயே அகல இலைச் செடி நின்றது. அதே வெயில், அதே மண். பிறகு என்ன சந்தேகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா, அக்கா, இதை மட்டும் அறுக்காதீங்க!"

"ஏங் கண்ணு, நீ நட்டதா?" என்றார் முன்னால் நின்றவர்.

"இல்லக்கா. இது உலகத்துலயே இங்க மட்டுந்தான் இருக்கு."

"அட சாமி, இதா? எங்க ஊட்டு வெள்ளாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். "மேஸ்திரி வந்தா நீயே பதில் சொல்லிக்க" என்று அந்தக் கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்த புதருக்கு நகர்ந்தார்கள்.

மேடத்துக்குக் காட்ட வேரோடு ஒன்று வேண்டும். ஜல்லி இறுகிக் கிடந்ததால் இதுவரை மேல்கிளைகளை மட்டுமே கத்தரித்திருந்தேன். களைக்கொத்தால் குத்திக் குத்தி ஒரு செடியைப் பெயர்த்தேன்.

வேருக்கு மேலே விரல் தடிமனில் ஒரு கட்டை, சாய்வாக வெட்டுப்பட்டுக் கறுத்திருந்தது. சன்ன இலைத் தண்டுகளெல்லாம் அந்தக் கட்டையின் பக்கத்திலிருந்து முளைத்தவை. அதே வேரிலிருந்து தரையோடு படுத்து அரிவாளுக்குத் தப்பிய பழைய தண்டு ஒன்று. அதில் ஓர் இலை மிச்சமிருந்தது. அகல இலை, ரம்பப் பல்.

நிமிர்ந்து தடுப்புச் சுவரைப் பார்த்தேன். மேலே நின்ற அகல இலைச் செடிகளின் உயரத்துக்கு யாருடைய அரிவாளும் எட்டாது.

கீழ் வளைவில் ஹார்ன் கேட்டது. காலடியிலேயே பள்ளம். வீசிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மேடம் மிச்சச் செடிகளைப் படமெடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார். ஆனால் அவர் ஒன்றைத் தோண்டச் சொன்னால்? சொல்லாமலே போய்விட்டால் பொய்யே என் ஆய்வேடாகிவிடும்; அதுவும்தான் பயமாக இருந்தது.

கார் நின்றபோது செடி என் கையில்தான் இருந்தது. மேடம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் இப்படியா? எல்லாமேவா?"

"தெரியல மேடம்."

"அப்ப தோண்டு."

இன்னும் இரண்டு தோண்டினேன். இரண்டிலும் சாய்வாக வெட்டுப்பட்ட கட்டை.

"ஆய்வேடு போச்சா மேடம்?"

"தலைப்பு போச்சு" என்றார். முன்பு என்னோடு பேசிய அக்கா பக்கம் திரும்பி, "வருஷத்துல எத்தனை தடவை அறுப்பீங்க?" என்று கேட்டார்.

"மழைக்கு முன்னாடி ஒருக்கா, இப்ப ஒருக்காங்க." என்னைப் பார்த்து, "ஏங் கண்ணு, இப்பவாச்சும் இத அறுத்துக்கலாமா?"

"அறுத்துக்கங்கக்கா. வேரை மட்டும் விட்டுடுங்க. எப்படி முளைக்குதுன்னு வந்து பாக்கணும்."

"வேர எங்க சாமி தொடுறோம்? எங்க வேலை மேலாக்க மட்டுந்தான்."